தென்கிழக்கு மூலையில் ஒரு துளை

அந்தத் தகரக் கூரையில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று என் கணவரின் அண்ணன் போட்டது. மற்றது நான் போட்டது. முதல் துளை வழியாக மழை வந்தது, இரண்டாவது துளை வழியாகப் புகை போனது. அவ்வளவுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று என் கணவர் இப்போதும் கேட்கிறார். இருக்கிறது. டிசம்பரில் காற்று வடக்கே திரும்பினால் போதும், என் கடைவாய்ப் பற்கள் தாமாக ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. குளிருக்கு என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். குளிருக்கு இல்லை.

அது எண்பதுகள். ஊரிலிருந்து டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லாம் இர்விங்கில் அபார்ட்மென்ட் எடுத்தார்கள். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். எங்களுக்கு மட்டும் பிளானோவுக்கும் வடக்கே, மாடு மேயும் புல்வெளிக்கு நடுவில் ஒரு பழைய பண்ணை வீடு. என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. கிழக்கு மேற்காக நீண்ட முகடு, முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் தகரச் சரிவு. வடக்குச் சரிவு வெறும் புல்லைப் பார்க்கும். தெற்குச் சரிவு சாலையைப் பார்க்கும். இந்தத் திசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சண்டையும் திசையிலிருந்துதான் வந்தது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஹீட்டர் செத்துப்போனது. சமையலறை அடுப்பு எரிந்தது, வீடுதான் சூடாகவில்லை. ரிப்பேர்காரர் பண்டிகை முடிந்துதான் வருவேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைப் போட்டு இன்னொரு விளக்கைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. குளிர் காற்று பட்டால் அவளுக்கு இழுப்பு வரும். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட தாய்க்கு அதன் பிறகு வேறு எந்தச் சத்தமும் முழுதாகக் கேட்பதில்லை.

வீட்டை விற்றவர் பின்கொட்டகையில் ஒரு வார்ப்பிரும்பு விறகடுப்பை விட்டுப்போயிருந்தார். பன்றிக்குட்டிபோல நாலு குட்டைக் கால்கள், முன்னால் ஒரு கதவு. அதை ஹாலில் வைத்து, புகைக்குழாயைத் தகரத்தைத் துளைத்து மேலே விட்டால் வீடு சூடாகும். குழாய்த் துண்டுகளை வாங்கிவந்தோம். குழாய் வெளியே வரும் இடத்தில் மழை இறங்காமல் இருக்க, பாவாடைபோல விரிந்த ரப்பர் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் அதை பூட் என்பார்கள். அதையும் வாங்கினோம்.

நான் ஊரில் பௌதிகம் படித்தவள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடமும் நடத்தியவள். அமெரிக்காவுக்கு வந்ததும் விசாத்தாளில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் டிபென்டன்ட். சார்ந்திருப்பவள். சரி. ஆனால் காற்று யாரையும் சார்ந்து அடிப்பதில்லை, அது எனக்குத் தெரியும். குழாயின் தலை முகட்டைவிட உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்து நின்றால், வடக்கேயிருந்து வரும் காற்று முகட்டைத் தாண்டித் தெற்குச் சரிவில் குப்புற விழுந்து, புகையை வந்த வழியே உள்ளே தள்ளும். ஆகவே குழாய் முகட்டை ஒட்டி மேலே போக வேண்டும். அதற்கு அடுப்பு ஹாலின் நடுவில் இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், நானும் என் கணவரும் தகரத்துக்கு அடியிலிருந்த அட்டிக்குக்குள் தவழ்ந்து போனோம். நூலில் தூக்குக்குண்டு கட்டி இடம் பார்த்தோம். கைமரங்களுக்கு நடுவே, எந்த மரத்தையும் தொடாத ஓர் இடம். அங்கே உள்ளேயிருந்து ஓர் ஆணியை அடித்தேன். வெளியே கூரையில் அதன் மூக்கு மட்டும் தெரியும்.

"நீ சொல்றதுதான் கரெக்ட்," என்றார் என் கணவர். தலைமுடியெல்லாம் ஒட்டடை. "நாளைக்கு இங்கயே வெட்டிருவோம்."

அந்த வாக்கியத்தை நான் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன், சூடான டம்ளர்போல.

அன்று சாயங்காலம் ஷுகர் லேண்டிலிருந்து அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு வருடாவருடம் வருவது வழக்கம். நான் பெரியத்தான் என்றும் அக்கா என்றும் கூப்பிடுவேன். பெரியத்தான் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மாதம் ஒருமுறை தமிழ் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். ராகுகாலம் பார்க்கிறவர்களைப் பற்றி அவர் பிரசங்கத்தில் அடிக்கும் கிண்டலுக்கு ஹூஸ்டன் பக்கம் ரசிகர்களே உண்டு. அக்கா, கிறிஸ்துமஸ் பிரியாணிக்காகத் தன் பெரிய அலுமினிய அண்டாவைக் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர்கள் வந்த பிறகு மழை பெய்தது. பெய்த மழை சாலையிலேயே உறைந்தது. இனி யாரும் எங்கேயும் போக முடியாது.

மறுநாள் காலை பெரியத்தான் ஹாலுக்கு நடுவில் கிடந்த அடுப்பைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"ஏம்மா, அடுப்ப கொண்டுபோயி நடுவீட்டுலயா வைப்பாவ?"

"அங்கதான் பெரியத்தான் பைப் நேரா முகட்டுக்குப் போகும்."

"அக்கினி மூலைன்னு ஒண்ணு இருக்குல்லா? தென்கிழக்கு. அந்தா, டைனிங் டேபிள் கிடக்கே, அங்கதான் நெருப்பு இருக்கணும்."

"ராகுகாலம் பாக்கிறவங்கள நீங்கதான கிண்டல் பண்ணுவீங்க?"

"அது மூடநம்பிக்கை. இது சயின்ஸ்," என்றார் பெரியத்தான், கொஞ்சமும் சிரிக்காமல். "எங்கப்பா கட்டின வீடு, ஐயர் வீடு, மிஷன் காம்பவுண்டுல அத்தனை வீடு, எல்லாத்துலயும் அடுப்பு தென்கிழக்குதான். யாருக்காவது என்னமும் ஆச்சா?"

எங்கள் சபையில் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம். அந்த ஐயர் வீட்டு அடுப்பை இவர் கிறிஸ்துவையே சாட்சிக்கு இழுப்பதுபோல இழுத்தார்.

"ஊர்ல காத்து மேற்கேயிருந்து வருது, பெரியத்தான். புகை கிழக்கால வெளிய போயிரும். இங்க குளிர்காலத்துல வடக்கேயிருந்துல்லா அடிக்குது? அந்த மூலை சரிவோட அடிமட்டம். மரத்துக்கு விலகி வளைக்கிறதுலயே நம்ம பைப்புல பாதி போயிரும், மீதி முகட்டு உசரத்துக்கு எட்டாது. புகை திரும்பி வரும். பிள்ளைக்கு இழுப்பு இருக்கு."

"ஏல தம்பி, ஒம் பொண்டாட்டி எனக்குக் கிளாஸ் எடுக்கா," என்று அவர் சிரித்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்தார். ஒரு மனிதன் டீக்குள் அவ்வளவு நேரம் எதைப் பார்க்க முடியும்? ஒட்டடையோடு நின்ற அந்தத் தலை அப்போது சீவி, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்திருந்தது.

"அண்ணன் சொல்றதுலயும் ஒரு பாயின்ட் இருக்கு," என்றார்.

டம்ளர் என் கையிலிருந்து விழவில்லை. நான்தான் அதை மேஜையில் வைத்தேன். மெதுவாக வைத்தேன். மெதுவாக வைப்பதற்கு எவ்வளவு கோபம் வேண்டும் என்று வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஏணியின் அடியில் பெரியத்தான் ஜெபம் பண்ணினார். மங்கி குல்லாவுக்குள்ளிருந்து நீராவியாக வந்தது ஜெபம். தலைசாய்க்க இடமில்லாத மனுஷகுமாரனில் தொடங்கி, எகிப்தின் அடிமைத்தனம் வழியாக, எண்ணெய்க் கம்பெனியின் ஆட்குறைப்பைத் தொட்டு, கடைசியில் எங்கள் கூரைக்கு வந்துசேர்ந்தது. மூக்கு உறைந்தது. புருவம் உறைந்தது. "கர்த்தாவே, இந்தத் துளையை ஆசீர்வதியும்." பிறகு அண்ணனும் தம்பியும் ஏறினார்கள். தென்கிழக்கு மூலையில், சரிவின் அடிமட்டத்தில், கத்தரி தகரத்தைத் தின்னத் தொடங்கியது. அந்தக் கிறீச்சில் மகள் காதைப் பொத்திக்கொண்டு என் மடிக்கு ஓடிவந்தாள்.

குளிரில் ரப்பர் பூட் பலகையாக விறைத்திருந்தது. தகரத்தின் மேடுபள்ளத்துக்கு வளைய மறுத்தது. அவர்கள் அதன் தலையில் அடித்து, கண்ட இடமெல்லாம் ஸ்க்ரூ ஏற்றினார்கள். இடுக்கை அடைக்கும் சிலிகான் பசை ட்யூபிலிருந்து வரவில்லை. வந்தது ஒட்டவில்லை.

"சூடு பண்ணணும்," என்று கீழேயிருந்து கத்தினேன். "ரப்பரையும் சூடு பண்ணணும், ட்யூபையும் சூடு பண்ணணும்!"

"நீ போயி டீயச் சூடு பண்ணும்மா," என்று பதில் வந்தது கூரையிலிருந்து. என் கணவரும் சிரித்தார். எனக்குக் கேட்டது. தகரக் கூரையில் எல்லாம் கேட்கும்.

குழாயை ஏற்றி நிறுத்தியபோது சாலையிலிருந்து பார்த்தேன். முகட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட உயரம் போதாத ஒரு குழந்தைபோல நின்றது.

"உசரம் பத்தல, பெரியத்தான்."

"மீதிய கர்த்தர் பாத்துக்கிடுவார்."

சாயங்காலம் பற்றவைத்தார்கள். முதலில் எரியத்தான் செய்தது. நெருப்பு நெருப்புதானே, அதற்கு யார் வீட்டு மூலை என்று தெரியாது. பெரியத்தான் ஒரு கீர்த்தனையை எடுத்தார், என் கணவர் தாளம் போட்டார். மகள் அடுப்புக் கதவின் சிவப்பைப் பார்த்துக் கை தட்டினாள். நான் மட்டும் காதை மேலே வைத்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் காற்று எழுந்தது. வடக்குச் சரிவில் ஏறிவரும் அதன் பாதச் சத்தம் கேட்டது. முகட்டைத் தாண்டியது. குதித்தது.

அடுப்பு ஒருமுறை ஏப்பம் விட்டது. கதவின் ஓரமெல்லாம் புகை நுரைத்தது. அடுத்த வீச்சில் அறை காணாமல்போனது. மகள் இருமினாள். இருமல் நின்றது. அந்தக் கதவு திறந்து மூடும் சத்தம் தொடங்கியது.

யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை அக்காவின் கையில் போட்டு வெளியே ஓடச் சொன்னேன். சமையலறையில் முதலில் கைக்கு அகப்பட்டது அண்டா. அடுப்புக் கதவைத் திறந்து, எரியும் விறகையும் கங்கையும் மண்வாரியால் அள்ளி அண்டாவில் போட்டேன். முந்தானையால் காதுகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்துப் பனிக்கட்டியின்மேல் கவிழ்த்தேன். உஸ்ஸென்று ஒரு வெள்ளை மேகம் எழுந்தது.

"என் அண்டா!" என்றார் அக்கா, பிள்ளையை அணைத்தபடி. அப்புறம் பிள்ளையின் முதுகைத் தடவிவிட்டு, "போனா போகுது, சனியன்," என்றார்.

வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. உள்ளே புகை, வெளியே குளிர். சூடான இடம் கார் ஒன்றுதான். சாலையில் ஓட முடியாத காரை முற்றத்தில் வைத்தே ஓட்டினேன். ஹீட்டரைப் போட்டு, மருந்தைக் கொடுத்து, மகளை நெஞ்சில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு மூச்சாக உள்ளே கூப்பிட்டு வெளியே அனுப்பினேன். கண்ணாடிக்கு வெளியே இருட்டத் தொடங்கிய கூரையில் அந்தக் குள்ளக் குழாய். ஆசீர்வதிக்கப்பட்ட துளை.

என் கணவர் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"உள்ள வாயேன். அண்ணன் தப்பா எடுத்துக்கிடுவார்."

"யாருக்கு மூச்சு வாங்குதுன்னு பாத்துட்டுப் பேசுங்க."

அவர் பார்த்தார். மகளின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே விழுந்து எழுந்தது. நான் கண்ணாடியை ஏற்றினேன். மகள் தூங்கியதும் உள்ளே போனோம், கோட்டுகளோடு படுத்தோம்.

கிறிஸ்துமஸ் விடிந்தது. சாலை உறைந்திருந்ததால் ஆராதனைக்கு யாரும் போக முடியாது. வெயில் வந்தது, சூடில்லாத, கூர்மையான, வெள்ளை வெயில். தெற்குச் சரிவில் பனி உருகிச் சொட்டத் தொடங்கியதும் நான் நைட்டிக்குமேல் என் கணவரின் ஜீன்ஸைப் போட்டு, கொடிக்கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சிலிகான் ட்யூபை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டேன். வேறொரு நீளக் கயிற்றை முகட்டுக்குமேல் வீசி, வடக்குப் பக்கம் நகர்த்தி நிறுத்திய காரின் பம்பரில் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனை என் இடுப்பில்.

முதலில் அந்த மூலையில் போட்டதைப் பிடுங்கினேன். குளிரில் ஒட்டாத சிலிகான் எனக்காகவே ஒட்டாமல் காத்திருந்தது. ரப்பரைக் கழற்றிக் கீழே போட்டேன்.

"அக்கா, அத இட்லிப் பானைல வச்சு ஆவி காட்டுங்க!"

"ரப்பரையா?"

"ரப்பரைத்தான். ஈடு வெந்ததும் எடுத்துக் குடுங்க."

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சேலைத்தலைப்பில் துடைத்து, இட்லித் தட்டில் வைக்கப்போகும் எதையும்போல மரியாதையாக உள்ளே எடுத்துப்போனார்.

முகட்டின் பக்கத்தில் என் ஆணியின் மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டம் வரைந்து வெட்டினேன். தகரம் கையுறையையும் சேர்த்து வெட்டியது. ஏணி ஆடும் சத்தம் நின்றதை அப்போதுதான் கவனித்தேன். கீழே என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தாரோ. ஆவி பறக்கும் ரப்பரை அக்காவிடமிருந்து வாங்கி அவர்தான் ஏணியில் ஏறி மேலே நீட்டினார். வெந்த ரப்பர் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் பிள்ளைத் தோல்போலப் படிந்தது. வயிற்றுச் சூட்டில் இளகிய சிலிகான் கேட்ட இடத்துக்கு வந்தது. அந்த நேரம், உண்மையைச் சொன்னால், கோபம் கொஞ்சம் தளர்ந்தது. ஏணியைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளை மேலேயிருந்து பார்த்தேன். முட்டிகள் நீலமாக இருந்தன.

அப்போது பெரியத்தான் டம்ளரோடு வெளியே வந்தார். குல்லாவை மேலே ஏற்றி அண்ணாந்து பார்த்தார்.

"ஏல தம்பி! யாரைக் கேட்டுட்டு இவ மேல ஏறுனா? கிறிஸ்துமஸும் அதுவுமா?"

காற்றுகூட நின்றது என்று சொல்வேன். இரண்டு நாளாக நான் காத்திருந்த இடம் இது. என் கணவர் நிமிர்ந்தார். அண்ணனை நேருக்கு நேர் பார்த்தார். அவர் குரல் நடுங்கவில்லை.

"நான்தாண்ணே ஏறச் சொன்னேன்."

சொல்லிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். என்னைக் காப்பாற்றிவிட்ட வெளிச்சம்.

எனக்கு அதற்குமுன் வந்ததெல்லாம் கோபமே இல்லை. இதுதான் கோபம். நேற்று எனக்குத் தந்த வாக்கை டீயில் கரைத்தவர், இன்று என் கால்களையும் எடுத்துக்கொண்டார். என் ஆணி, என் கயிறு, என் வயிற்றுச் சூடு, எல்லாம் அவர் சொல்லி நடந்தது. அவர் சொல்லாவிட்டால் நான் இந்தக் கூரையில் இல்லை. அவர் வாய் திறந்த ஒரே தடவை, அதற்குள் நான் இல்லை.

"யாரும் சொல்லல!" என்று கத்தினேன். "நானா ஏறினேன்! கேக்குதா? நானாத்தான் ஏறினேன்!"

வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

"கேக்குட்டி, கேக்கு," என்றார் அக்கா வாசலிலிருந்து. "விழுந்து வச்சிராத. வெங்காயம் நீதான் உரிக்கணும்."

குழாயை நிறுத்தினேன். நேற்று வளைவுகளில் நீளத்தை இழந்து குள்ளமாக நின்ற அதே குழாய் இன்று நேராக ஏறி முகட்டுக்குமேல் தலை தூக்கி நின்றது. முதல் துளைக்குமேல் ஒரு தகரத் துண்டை வைத்து ஸ்க்ரூ அடித்தேன். அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை அது ஒழுகியது. நன்றாக அடைக்க எனக்குத் தெரியும். அடைக்கவில்லை. என் கணவரையும் அடைக்க விடவில்லை. கீழே அடுப்பை மூலையிலிருந்து நடுவீட்டுக்கு நகர்த்தும்போது, அதன் ஒரு காலைப் பெரியத்தானும் பிடித்துத் தூக்கினார்.

பற்றவைத்தேன். வடகாற்று முகட்டில் ஏறியது, குழாயின் வாயைக் கடந்தது, போகிறபோக்கில் புகையை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனது. அடுப்பு ஹூவென்று மூச்சு இழுத்தது. அண்டாவின் கருகிய அடியில் பிரியாணி வெந்தது. மகள் அடுப்பின் முன்னால் விரித்த கம்பளியில் தூங்கிப்போனாள். நான் குனிந்து காதை அவள் முதுகில் வைத்தேன். கதவுச் சத்தம் இல்லை.

சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். எங்கள் வீடுகளில் மூத்தவர் தொடங்குவார், பிறகு யாருக்கு ஏவுதலோ அவர்கள் தொடரலாம். எல்லோரும் முழங்காலில் நின்றோம். பெரியத்தான் கண்களை மூடினார்.

"கர்த்தாவே, இந்த வீட்டுக்கு வெப்பத்தைத் தந்தீரே, ஸ்தோத்திரம். என் தம்பிக்கு ஏற்ற வேளையிலே நல்ல ஞானத்தைத் தந்தீரே, அதற்காகவும் ஸ்தோத்திரம். ஆமென்."

என் கணவர் ஆமென் சொன்னார். நான் சொல்லவில்லை. விறகு வெடித்தது. பெரியத்தான் எழுந்திருக்க ஒரு காலை ஊன்றுவதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"கர்த்தாவே, இடத்தைப் பாத்தது நான். ஆணி அடிச்சது நான். ரெண்டாவது துளையைப் போட்டது நான். யாரும் எனக்குச் சொல்லல. நீர் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீர். இவங்களுக்கு மறந்துபோனாலும் உமக்கு மறக்கவேண்டாம்."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியத்தானின் கண்கள் இன்னும் மூடியிருந்தன, ஆனால் ஜெபிக்கிறவர் மூடும் விதத்தில் இல்லை. என் கணவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ அங்கே இல்லை.

அக்காதான் சொன்னார். ஜெபக்கூட்டங்களில் அவர் குரல் யாருக்கும் கேட்டதில்லை.

"ஆமென்," என்றார், தகரம் அதிர.